எலிக்குக் கொடுத்த முட்டிவலி மாத்திரை

அறுபதுகளில் ஒரு நாள், புதுக்கோட்டையிலிருந்து குளத்தூர் போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். மூத்தவர் முழங்காலைத் தேய்த்துக்கொண்டே, டாக்டர் கொடுத்த வலி மாத்திரையை விழுங்கத் தயங்கிக்கொண்டிருந்தார். இளையவர் தைரியம் சொன்னார்.

“பயப்படாம முழுங்குங்க மதினி. எங்க பெரியவன் மெட்ராஸ்ல மருந்து ஆராயுற எடத்துல இந்த மாத்திரையத்தான் எலிக்குக் குடுக்குறான்.”

“எலிக்கு என்னத்துக்கு முட்டி வலிக்குது?”

“வலிக்கு இல்லெ. மாத்திரை ஈரலக் கெடுக்குதான்னு பாக்குறதுக்கு.”

“கெடுத்துச்சா?”

“இல்லையாம். ஈரலெல்லாம் நல்லா பளபளன்னு இருந்துச்சாம்.”

மூத்தவரின் முகம் தெளிந்தது. மாத்திரையை வாயருகே கொண்டுபோனவர் அப்படியே நிறுத்தினார்.

“ஈரல் வயித்துக்குள்ளதான இருக்கு. எப்புடிப் பாத்தான்?”

“அறுத்துத்தான்.”

“அப்ப எலியெல்லாம்?”

“போய்ச் சேந்துருச்சுங்க மதினி.”

பஸ் திருக்கோகர்ணத்தைத் தாண்டும்வரை மூத்தவர் மாத்திரையை உள்ளங்கையில் உருட்டிக்கொண்டிருந்தார். பிறகு அதை வாயில் போட்டு விழுங்கினார்.

“மாத்திரை மேல தப்பில்லெ. ஒம் மகன் லீவுக்கு வந்தா மட்டும் என்னயப் பாக்க அனுப்பாதெ.”