ஓகே போட்ட தாள்

காலையில் நான் டீ குடிப்பதில்லை. நீங்கள் வாங்கித் தந்ததால் குடிக்கிறேன்.

கூடலூரில் வைகுண்டராஜின் அச்சகத்தில் ஆங்கிலப் பிழை திருத்துகிறேன். ஏலக்காய்த் தோட்டங்களுக்கான பூச்சிமருந்துத் தாள்கள் அங்கேதான் அச்சாகும். மலைமேல் இருக்கும் மேலாளர்களுக்குத் தமிழ் படிக்க வராது. அதனால் ஆங்கிலம்.

ஆங்கிலத்தில் இரண்டு சொற்கள் இணைந்து ஒரு பெயர்ச்சொல்லுக்கு முன்னால் நின்றால், அவற்றின் நடுவே சிறுகோடு வேண்டும். பின்னால் நின்றால் பெரும்பாலும் வேண்டாம். 'ஸ்மால் பிசினஸ் ஓனர்' என்றால் சிறியது தொழிலா, முதலாளியா? கோடுதான் சொல்லும். வைகுண்டராஜிடம் இதை விளக்கினேன்.

"ரெண்டும் சிறுசுதேன் சார். ஆளும் குட்டை, ஆபீசும் குட்டை. கோட்டை எடுங்க."

காத்திருந்தவர்கள் சிரித்தார்கள். அன்றிலிருந்து நான் உள்ளே நுழைந்தால், "கோட்டுச்சாமி வந்துட்டாக" என்பார்.

மருந்துத் தாளில் விடுபட்ட கோடுகளை நான் போட்டுக் கொடுத்தேன். அவர் கணினியில் அத்தனையையும் ஒரே தட்டில் அழித்தார்.

"இப்பப் பாருங்க, சுத்தமா இருக்கு. ஓகே போடுங்க."

பார்த்தேன். லிட்டருக்கு 2-5 மில்லி என்றிருந்தது 25 மில்லி ஆகியிருந்தது. எண்களுக்கு இடையே வந்தால் அந்தக் கோட்டுக்கு 'இரண்டு முதல் ஐந்து வரை' என்று பொருள். அதுவும் அவருக்குத் தெரியாது. சொல்லியிருக்கலாம். சொன்னால் அந்த ஓரிடத்தில் மட்டும் போட்டுவிட்டு மற்றவற்றை அப்படியே விட்டிருப்பார்.

ஓகே போட்டேன்.

மறுநாள் காலையில் தோட்டத்து ஜீப் அச்சகத்தின் முன் நின்றது. எங்கள் தெரு பஞ்சம்மாள் அதில் இருந்தார். தோட்டத்தில் மருந்து கலப்பது அவர்தான். தாள்கட்டை அவர் மடியில் வைத்தேன்.

"என்ன சார் இது?"

"மருந்துக்கு அளவு போட்டிருக்கு."

"சரியாப் போட்டிருக்கீகளா? எங்க மேலாளர் தாள்ல உள்ளபடிதேன் ஊத்தச் சொல்லுவாக."

"படிச்சுப் பாத்துட்டேன்மா."

பஞ்சம்மாளும் மருந்தடித்த இருவரும் இறந்ததற்கு வருந்துகிறேனா என்று கேட்டீர்கள். மேலாளர் ஒரு கணம் யோசித்திருக்கலாம். கைக்கு உறை கொடுத்திருக்கலாம். நான் மருந்தைத் தொடவே இல்லை. தெரிந்தே ஓகே போட்டேன், அவ்வளவுதான். அதே தாளை இப்போது கொடுத்தாலும் போடுவேன். ஒரு பிழையை அதன் போக்கில் விட்டால்தான் அது பிழை என்று இவர்களுக்குப் புரிகிறது.

நேற்று இதே ஸ்டேஷனில் உங்கள் முன்னால் வைகுண்டராஜ் அழுதுகொண்டே, "அந்தக் கோடு வேணுந்தேன் சார்" என்றார்.

அதை எழுதிக்கொண்டீர்களா?