இலவச நாவலுக்கு ஒரு கடைசி அத்தியாயம்

எனக்குப் புத்தகம் என்றால் உயிர். எங்கள் யோங் பெங் ஊரில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். ஜெயபாலன் சோற்றை மறந்தாலும் மறப்பான், வாசிப்பை மறக்கமாட்டான் என்பார்கள்.

ஷாமளாவின் முதல் மின்னூலைக் காசு கொடுத்துத்தான் வாங்கினேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள். ஸ்கூடாயிலிருந்து சிங்கப்பூர் தொழிற்சாலைக்குப் போகும் பேருந்தில் உட்கார்ந்து, கைப்பேசியிலேயே நாவல் எழுதிய பெண். அந்த எழுத்து நாலு பேரிடம் போய்ச் சேர வேண்டாமா? கோப்பின் பூட்டை உடைத்து, நான் நடத்தும் வாசகர் குழுவில் போட்டேன். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் 'பகிர்வு: ஜெயபாலன்' என்று பதித்தேன். என் உழைப்பை யாரும் திருடிவிடக் கூடாது, பாருங்கள்.

குழுவில் எனக்கு ஏகப்பட்ட நன்றிகள். நூல்தான் ஏனோ விற்கவில்லை. எழுத்தை நம்பி வேலையை விட இருந்த ஷாமளா, விடவில்லை. நல்லதுதான். பெண்ணுக்கு நிலையான சம்பளம் முக்கியம்.

குழுவில் நடந்தது எதுவும் தெரியாத அவர், இரண்டாவது நாவலைப் பிழை பார்க்கச் சொல்லி எனக்கு மட்டும் அனுப்பினார். கடைசி அத்தியாயம் இன்னும் எழுதவில்லை என்றார். ஒற்றுப்பிழைகளை ஒன்றுவிடாமல் திருத்தினேன். பிறகு குழுவில் போட்டேன்.

நேராக வீட்டுக்கே வந்துவிட்டார்.

"உங்க ஒருத்தருக்குத்தானே அண்ணே அனுப்பினேன்? புத்தகமா போடுறேன்னு சொன்னவங்க இப்ப வேணாங்கிறாங்க."

"நாலு பேரு படிக்கத்தானே லா எழுதுற? அதான் படிச்சிட்டாங்களே," என்றேன்.

தேநீர் கொடுத்தேன். தொடாமல் போய்விட்டார். அதன் பிறகு அவர் ஒரு வரிகூட எழுதவில்லையாம்.

குழுவிலோ, முடிவு எங்கே, முடிவு எங்கே என்று ஒரே நச்சரிப்பு. வாசகர்களைத் தவிக்க விடலாமா? அந்தக் கடைசி அத்தியாயத்தை நானே எழுதினேன். அவர் பெயரிலேயே போட்டேன். அடுத்தவர் கதையில் பெயர் வாங்கும் ஆசை எனக்குக் கிடையாது.

முடிவு படுமோசம், ஷாமளாவிடம் சரக்குத் தீர்ந்துவிட்டது என்று எல்லோரும் எழுதினார்கள். ஒருவர் அவரையே அழைத்துத் திட்டினாராம். எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. ஆனாலும் குழுவை நடத்துகிறவன் ஒரு பக்கம் சாயக் கூடாது அல்லவா? நடுநிலையோடு பதில் போட்டேன்:

"உண்மைதான். முடிவுக்கு அவர் இன்னும் கொஞ்சம் உழைத்திருக்கலாம்."