இரண்டாவது சாவி

யாராவது கதவைச் சாத்துங்கள். நான் எழுந்தால் முட்டி சத்தம் போடும். கதை ஆரம்பிக்கும் முன்பே நீங்கள் பயந்துவிடுவீர்கள்.

இரவு பதினொன்றரை. இரண்டு பக்கமும் பூட்டிய குடோன்கள். நடுவில் ஒரு சாலை... நாய்கூட இல்லை. ஒரு பழைய வேன் மட்டும் போய்க்கொண்டிருந்தது. ஓட்டியவன் என் சிநேகிதனுக்கு ஒன்றுவிட்ட தம்பி. வண்டிகளுக்கு எலக்ட்ரீஷியன். மில்லி என்று கூப்பிடுவார்கள். நீங்கள் நினைக்கிற மில்லி இல்லை, அவன் சோடாவையே பயந்து பயந்து குடிப்பவன். இது மில்லி ஆம்பியர், மின்சாரத்தைத் துளித்துளியாக அளக்கிற அளவு. நாள் முழுக்க அவன் பேசுவது அவ்வளவுதான் என்று பட்டறையில் வைத்த பெயர். வீட்டிலும் பேச ஆள் இல்லை. மனைவி போய் ஏழு வருடம்.

அவன் வேனுக்கு இருபத்தைந்து வயது. ரேடியோ கிடையாது. மணியடிக்கிற டேஷ்போர்டு கிடையாது. டிரைவர் சீட்டுக்கு மட்டும் ஒரு பெல்ட். அதில் அவன் கை துடைக்கிற துணியைக் காயப்போட்டிருந்தான். இதையெல்லாம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் கேட்பேன்.

சாலை முடிகிற இடத்தில் அவனைக் கூப்பிட்டிருந்த வீடு. வாசலில் புது வேன். அதை ஓட்டுகிறவள் ஒரு பெண், வீட்டுக்காரர் இறந்து மூன்று மாதம். விடியற்காலை நாலரைக்குக் கிளம்பி ஆறு சிறுநீரக நோயாளிகளை ஏற்றிக்கொண்டு டயாலிசிஸுக்குக் கொண்டுபோய்விட வேண்டும். அவர் பார்த்த வேலை. இப்போது இவள் பார்க்கிறாள். ஒரே வாரத்தில் இரண்டு நாள் வண்டி கிளம்பவில்லை. பேட்டரி சுத்தமாகச் செத்துக் கிடந்தது. இரண்டாம் நாள் தவறியதில் ஒரு பெரியவருக்கு மூச்சு முட்டி, ஆஸ்பத்திரியில் பாடுபட்டுப் பிழைக்கவைத்திருக்கிறார்கள். இன்னொரு நாள் தவறினால் தாங்கமாட்டார் என்று டாக்டர் சொல்லிவிட்டார். விடிந்தால் அவருடைய முறை.

பேட்டரி புதிது. ஓடும்போது அதற்குச் சார்ஜ் ஏற்றுகிற ஆல்டர்னேட்டரும் புதிது. முன்னால் பார்த்த மெக்கானிக், இன்ஜின் ஓடும்போது மீட்டர் பன்னிரண்டே முக்கால் வோல்ட்தான் காட்டுகிறது, சார்ஜ் ஏறவில்லை என்று நல்ல ஆல்டர்னேட்டரைக் கழற்றி எறிந்திருந்தார். இந்தக் காலத்து வண்டி அப்படித்தான். பேட்டரி நிறைந்திருந்தால் ஆல்டர்னேட்டருக்கு ஓய்வு கொடுத்துவிடும். மில்லி ஹெட்லைட்டையும் ஃபேனையும் போட்டு பிரேக்கை மிதித்துப் பார்த்தான். பதினாலரைக்கு ஏறியது. ஏறுவது சரி. அப்படியானால் ராத்திரியில் எதுவோ இறக்குகிறது.

"வண்டி தூங்கலைம்மா" என்றான்.

தொழிலில் அப்படித்தான் சொல்வார்கள். பூட்டிய அரைமணி நேரத்தில் வண்டிக்குள் இருக்கிற கம்ப்யூட்டர்கள் ஒவ்வொன்றாகத் தூங்க வேண்டும். சாவி பக்கத்தில் இருந்தால் தூங்காது. பட்டனே அமுக்க வேண்டாத சாவி, கிட்டே வந்தாலே போதும், எஜமான் வந்துவிட்டார் என்று எழுந்து உட்கார்ந்துகொள்ளும். சாவி எங்கே என்று கேட்டான். சிக்னல் வெளியே போகாமல் இருக்கத் தகர அரிசி டப்பாவுக்குள் போட்டு மூடியிருக்கிறேன் என்றாள். இன்னொரு சாவி?

அவள் வேனைப் பார்த்தபடி சொன்னாள்:

"அது அவரு சட்டைப் பையில இருந்துச்சுண்ணே. கடைசியா அந்தச் சட்டையைத்தான் இஸ்திரி போட்டு, போட்டுவிட்டு சுடுகாட்டுக்கு அனுப்பினோம். பையை யாரும் பாக்கலை."

மில்லி தலையாட்டினான். அவளைத் தூங்கப் போகச் சொன்னான்.

பானெட்டைத் திறந்து வைத்தான். அதன் பூட்டை மட்டும் ஸ்க்ரூ டிரைவரால் தட்டிவிட்டான், பானெட் மூடியிருக்கிறது என்று வண்டி நம்புவதற்கு. பேட்டரி ஒயரில், ஓடுகிற மின்சாரத்தை அளக்கும் கிளாம்ப் மீட்டரை மாட்டினான். கதவுகளைப் பூட்டி, சாவியை அவள் கொண்டுவந்து வைத்த அரிசி டப்பாவில் போட்டு மூடினான். கவிழ்த்த வாளி ஒன்றின்மேல் உட்கார்ந்தான். இனி அசையக் கூடாது... காத்திருக்க வேண்டும். அது அவனுக்குப் பழக்கம்தான். வீட்டிலும் ராத்திரி அதைத்தான் செய்கிறான், மீட்டர் மட்டும் இருக்காது.

ஆறு ஆம்பியர். மூன்று. உள்ளே எங்கோ ஒரு ரிலே ஸ்விட்ச்... டிக். ஒன்று. அரை. பன்னிரண்டே முக்காலுக்கு மீட்டர் இருபது மில்லியில் வந்து நின்றது. வண்டி தூங்கிவிட்டது. நல்ல பிள்ளை மாதிரி தூங்கியது. ஒரு மணி... ஒன்றரை... இரண்டு.

இரண்டு பத்துக்கு ஒரு வாசனை வந்தது. இஸ்திரி போட்ட சட்டை. சூடு ஆறாத சட்டை. ஓரத்தில் லேசாகக் கருகின மாதிரி.

டக்.

நாலு கதவிலும் பூட்டு விடுபட்டது. உள்விளக்கு எரிந்தது. பக்கத்து சீட்டுக் கதவு மெதுவாகத் திறந்தது... மெதுவாக மூடியது. டிரைவருக்குப் பக்கத்து சீட் ஒரு விரல் அளவு அமுங்கியது. டேஷ்போர்டு பளிச்சென்று எழுந்தது. பெல்ட் போடச் சொல்லும் மணி. டிங்... டிங்... டிங்...

கிளிக்.

மணி நின்றுவிட்டது.

மில்லி பயப்படாதவன் என்று நான் சொல்லவில்லை. வாளி கடகடவென்று ஆடியது. ஆனால் கை அது பாட்டுக்கு எழுதியது: 2.10, பதினெட்டு ஆம்பியர். காரணம் கிடைத்துவிட்டது. தொழில்காரனுக்கு அது ஒரு நிம்மதி.

அரிசி டப்பாவிலிருந்து சாவியை எடுத்தான். டிரைவர் பக்கம் ஏறி, வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கிற ஸ்கேனரை ஸ்டியரிங்குக்குக் கீழே செருகினான். பக்கத்தில் திரும்பவில்லை. திரையில் தெளிவாக வந்தது. பதிவான சாவிகள், இரண்டு. கடைசியாக வந்தது, இரண்டாவது. சாவியின் பேட்டரி, நன்று. கீழே ஒரு கேள்வி: இரண்டாவது சாவியை நீக்கவா?

பட்டன்மேல் விரல் இருந்தது. அமுக்க வரவில்லை. வண்டி அவனுடையதில்லையே.

மூன்று மணிக்கு அவள் டீயோடு வெளியே வந்தாள். ஜன்னல் வழியாகப் பார்த்தாள். காலி சீட்டுக்குக் குறுக்கே பெல்ட் இழுத்து மாட்டியிருந்தது. நெஞ்சு இருக்க வேண்டிய இடத்தில் அது புடைத்துக்கொண்டு நின்றது. டீ டம்ளரை அவள் கீழே போடவில்லை. கதைகளில்தான் போடுவார்கள்.

"பெல்ட் போட்டிருக்காரு" என்றாள். "உசுரோட இருந்தப்போ ஒரு நாளும் போட்டதில்லண்ணே. கழுத்து அரிக்குதும்பாரு. அடிபட்ட அன்னிக்கு வேற ஒருத்தர் வண்டியில போனாரு, அதுலயும் போடல."

டம்ளரை வாளிமேல் வைத்தாள். பிறகு திரையில் இருந்த கேள்வியைப் படித்துவிட்டுக் கேட்டாள்:

"சாவியை எடுத்துட்டா வண்டி கிளம்புமா?"

"கிளம்பும்."

"இவரு?"

"உள்ள வர முடியாதும்மா."

தூரத்தில் ஏதோ லாரி போகிற சத்தம் வந்தது, தேய்ந்தது. அவள் ஜன்னல் கண்ணாடியைத் தாவணி நுனியால்... இல்லை, புடவை நுனியால் துடைத்தாள். அவர் உட்கார்ந்திருந்த பக்கத்தை மட்டும்.

"ஆறு பேரு வாசல்ல வந்து உக்காந்திருப்பாங்க. எடுத்துருங்கண்ணே."

மில்லி அமுக்கினான். பெல்ட் கழன்று, சர்ர்ர் என்று உள்ளே போய்ச் சுருண்டது. விளக்கு அணைந்தது. கதவு திறக்கவே இல்லை. வாசனை மட்டும் கொஞ்ச நேரம் நின்று, காற்றோடு போனது.

நாலரைக்குத் தன் வண்டியிலிருந்து ஒயர் போட்டுக் கிளப்பிவிட்டான். ஆறு பேரும் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள். அந்தப் பெரியவர் இன்றைக்கும் இருக்கிறார், சாப்பாட்டில் உப்பில்லை என்று சண்டை போட்டுக்கொண்டு. அந்த வேன் அதற்கப்புறம் ஒரு நாள்கூடத் தகராறு செய்ததில்லை. ராத்திரியெல்லாம் இருபது மில்லிதான்.

கதை அதோடு முடிந்தது என்று மில்லியும் நினைத்தான்.

அவன் திரும்பிய அதே குடோன் சாலை. இன்னும் விடியவில்லை. காலியான வீட்டுக்குப் போக என்ன அவசரம்... மெதுவாகத்தான் போனான். பாதி வழியில் இஸ்திரி வாசனை. கண்ணை ரோட்டிலேயே வைத்துக்கொண்டான். அப்போது பக்கத்தில் சத்தம் கேட்டது.

டிங்... டிங்... டிங்...

அவன் வேனில் மணி கிடையாது. சொன்னேன் அல்லவா? இது மணியும் இல்லை. ஒரு ஆம்பளைக் குரல். தாழ்ந்த குரலில், கோபமே இல்லாமல், வாயால் சொல்லிக்கொண்டிருந்தது. "டிங்... டிங்... டிங்..."

மில்லி ஒரு கையால் துணியை உதறிப் போட்டான். பெல்ட்டை இழுத்தான். அதன் சுருள் துருப்பிடித்திருந்தது, வர மறுத்தது. இன்னும் இழுத்து மாட்டினான். குரல் நின்றது.

அப்புறம் பக்கத்து சீட்டில்... பெல்ட்டே இல்லாத அந்த சீட்டில்...

கிளிக்.