மெழுகே போதும் என்றேன்

மெழுகா ரப்பரா என்று யாராவது கேட்டால் ரப்பர் போடு என்றுதான் நான் சொல்வேன், ஷங்கர். க்ளோசெட்டுக்கும், அதுதான் உட்கார்ந்து போகிற பீங்கான் கக்கூஸ், அதன் அடியில் தரைக்குழாய்க்கும் நடுவில் வைக்கிற வளையத்தைச் சொல்கிறேன். மட்டாஞ்சேரியில் இந்த மாதிரிப் பழைய வீடுகளில் தரை மட்டம் சரியிருக்காது. ரப்பர் என்றால் கொஞ்சம் வளைந்து கொடுக்கும். அழகரும் அதைத்தான் சொன்னான். மதுரைப் பக்கத்து ஆள், எட்டு வருஷமாக இங்கே குழாய் வேலை செய்கிறான். அவன்மேல் ஒரு தப்பும் இல்லை.

உன் அக்கா அனந்தலக்ஷ்மிக்கு முழங்கால் வலி. குந்தி உட்கார முடியவில்லை என்று போன வருஷம் க்ளோசெட் வைக்கச் சொன்னாள். முன்னறையை ஒட்டிய குளியலறை அது. முன்னறையில்தான் அவளுடைய தையல் மெஷின் இருந்தது. நாலு தெருப் பெண்களும் அவளிடம்தான் ரவிக்கை தைத்துக்கொள்வார்கள். கையைத் தூக்கிக்கொண்டு நிற்பார்கள், அவள் நெருங்கி நின்று டேப் வைத்து அளப்பாள், என்னவோ சொல்வாள், எல்லோரும் சிரிப்பார்கள். நான் மிளகுக் கம்பெனியிலிருந்து ஓய்வு பெற்று வீட்டோடு வந்தபிறகுதான் அந்தச் சிரிப்பை முழுதாகக் கேட்டேன். என்னோடு அனந்தலக்ஷ்மி அப்படிச் சிரித்ததில்லை.

அப்போதுதான் அவளும் அவள் சிநேகிதி சுபாஷிணியும் அக்கரையில் பிராட்வே கடைத்தெருவில் தையல் கடை எடுக்கத் தீர்மானித்தார்கள். காலை ஒன்பது மணிப் படகில் போனால் திரும்ப ஏழாகும்.

"சாதம் வெச்சுட்டுப் போறேன், எடுத்துப் போட்டுக்கோங்கோ" என்றாள், மெஷினிலிருந்து தலையைத் தூக்காமல்.

மறுநாள் க்ளோசெட் வைக்க அழகர் வந்தான்.

"ரப்பர்னா கழட்டி மாட்டலாம் சார். மெழுகு ஒரு தடவை அழுந்தினா அவ்வளவுதான். க்ளோசெட் அசைஞ்சா பிளந்துரும், மறுபடி ஒட்டாது."

"தண்ணி ஒழுகுமோ?"

"லேசா பிளந்தா ஒழுகாது. நாத்தக் காத்து மட்டும் வரும். எங்கேருந்து வருதுன்னே தெரியாது சார், ஆளைக் கிறுக்காக்கிரும்."

நான் கொஞ்சம் யோசித்தேன். மெழுகே போதும் என்றேன்.

இரண்டு வாரம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை இரண்டு பேரும் கடை பார்க்கப் போனார்கள். அன்று பகல் வீட்டில் நான் மட்டும் இருந்தேன். அதை அப்புறம் சொல்கிறேன்.

நாற்றம் மெல்லத்தான் வந்தது. சாக்கடை மாதிரி இல்லை. கெட்ட முட்டை மாதிரி, குளிக்காத உடம்பு மாதிரி. முன்னறையில் தங்கியது, அவள் புடவையில் ஏறியது, தைத்து மடித்து வைத்த ரவிக்கைகளில் ஏறியது. அவள் பினாயில் ஊற்றிக் கழுவினாள்.

"ஏன்னா, பாத்ரூம் நாறறதோ?"

நான் உள்ளே போய் மூச்சை இழுத்துப் பார்த்துவிட்டு வந்தேன். "அங்கே ஒண்ணும் இல்லையே" என்றேன். கொஞ்ச நேரம் கழித்து, "நீ இன்னிக்குக் குளிச்சாச்சோ?" என்று கேட்டேன். மெதுவாகத்தான் கேட்டேன்.

அம்மிணி டீச்சர் அளவு கொடுக்கும்போது முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டாள். "பின்னே வராம் சேச்சி", அப்புறம் வருகிறேன் என்று போனவள் வரவில்லை. மற்றவர்களும் ஒவ்வொருவராக வருவதை நிறுத்தினார்கள். சுபாஷிணி போனை எடுப்பதை விட்டாள். கடை வேறு யாருக்கோ போயிற்று.

அவள் ஒரு நாளைக்கு நாலு தடவை குளித்தாள். எலுமிச்சை தேய்த்தாள், பிறகு டெட்டால். அக்குளில் தோல் உரிந்தது. டாக்டரிடம் அழைத்துப்போனேன். இரும்புச் சத்து குறைவு, நன்றாகச் சாப்பிடட்டும், வேறு ஒன்றுமில்லை என்று அந்த அம்மாள் என்னைத் தனியாக அழைத்துச் சொன்னாள். ஆட்டோவில் உன் அக்காவிடம், "இந்த வயசுல சில பேருக்கு உடம்பு நாறுமாம், வைத்தியம் இல்லையாம்" என்றேன்.

அதற்குப் பிறகு அவள் வெளியே போகவில்லை. பின்கட்டில் என்னோடு இருந்தாள். "உள்ளே போனாத்தானே நாறும்" என்று சாப்பாட்டைக் குறைத்தாள். மத்தியானம் நான் சாப்பிடும்போது தள்ளி உட்கார்ந்து அரை டம்ளர் மோர் குடிப்பாள். வீடு அமைதியாக இருந்தது.

அந்தச் செவ்வாய்க்கிழமை நான் க்ளோசெட்டின் இரண்டு பக்கத்து நட்டையும் தளர்த்தி, இரண்டு கையாலும் பிடித்து இப்படியும் அப்படியும் ஆட்டினேன். மெழுகு பிளப்பது கையில் தெரிந்தது. நட்டை முறுக்கினேன், தரையைத் துடைத்தேன், சாயா போட்டுக் குடித்தேன். நாற்றம் குறைந்தபோது இன்னும் இரண்டு தடவை ஆட்ட வேண்டியிருந்தது.

துலா மாசம், நம் ஐப்பசியில், அவள் போனாள். முப்பத்துநாலு கிலோ இருந்தாள். காரியமெல்லாம் முடிந்து பதிமூன்றாம் நாள் சுபம் கழிந்தும் நாற்றம் போகவில்லையே என்று நீதான் கேட்டாய். அழகரைக் கூப்பிட்டு க்ளோசெட்டைத் தூக்கிப் பார்த்தாய். நீ கெட்டிக்காரன். உன் அக்காவுக்கு அது தோன்றவில்லை.

சாவதற்கு இரண்டு நாள் முன்னால் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "இந்த நாத்தத்தோட வேற யாரும் என்கூட இருந்திருக்க மாட்டா. நீங்க இருந்தேளே" என்று அழுதாள். முப்பத்தோரு வருஷத்தில் அவ்வளவு பிரியமாக அவள் என்னிடம் பேசியதில்லை. நான் அவள் தலையைத் தடவிக்கொடுத்தேன்.

போலீஸ் ஸ்டேஷனுக்குப் போவதென்றால் போ, ஷங்கர். நட்டைத் தளர்த்தியதைச் சொல். எல்லோரும் அவளைக் கைவிட்டபோது கடைசிவரை கூட இருந்து பார்த்துக்கொண்டவன் நான் ஒருவன்தான் என்பதையும் மறக்காமல் சொல்.