ஒன்பது கிலோ எங்கே போனது?

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, இந்த நடைப்பயிற்சி மன்றத்தை நட்டு வளர்த்த மூத்தோர்களே, முன்வரிசை முழுவதையும் முகமலர்ச்சியால் நிறைத்திருக்கும் தாய்மார்களே, பின்னால் நின்றபடியே கேட்கும் பெருமக்களே, வணக்கம்!

எடைக் குறைப்புப் போட்டிக்குப் பரிசளிக்க இந்த மருத்துவரை அழைத்தீர்கள். இரண்டாம் இடம் பெற்ற ஆசிரியை நான்கு கிலோ குறைத்தார். அது எங்கே போனது? வியர்வையாய் வழிந்து போனது. முதலிடம் நம் சலவைக்கடை அக்காவுக்கு. ஒன்பது கிலோ! தட்டுங்கள், தட்டி முடியுங்கள், காத்திருக்கிறேன். முடிந்ததா? அந்த ஒன்பது கிலோ எங்கே போனது?

சற்றுமுன் பக்கத்து அறையில் அவரிடமே கேட்டேன். சொல்லலாமா அக்கா? தலையசைக்கிறார். சொல்கிறேன்.

"நான் ஒண்ணுமே பண்ணல டாக்டரம்மா. தானா குறையுது," என்றார். மோதிரம் கழன்று விழாமலிருக்க நூல் சுற்றியிருந்தார். உடனிருந்த மகளுக்கோ பூரிப்புத் தாங்கவில்லை. "அம்மா எனக்குத் தங்கச்சி மாதிரி ஆயிட்டாங்க!" அவள் வெளியே போனதும் அக்கா என் காதருகே குனிந்தார்.

"கடையில யாரோ என் இஸ்திரிப் பெட்டிய மாத்தி வெச்சிட்டாங்க. பாத்தா அதே பெட்டிதான். ஆனா நாளுக்கு நாள் கனம் கூடிக்கிட்டே போகுது. எனக்குப் பயமா இருக்கு."

உடனே அவர் தோளைத் தொட்டுப் பார்த்தேன், அன்பர்களே! இரும்பு வளருமா? பூட்டிய கடைக்குள் யார் புகுந்தார்? யாரும் புகவில்லை. பெட்டி கனக்கவில்லை, தூக்கும் கைதான் வலுவிழந்தது. ஏதோ ஒரு நோய் புகுந்தது, அவர் உடலுக்குள்! ஓசையின்றி வந்தது. தோளைத் தின்றது, தொடையைத் தின்றது, பசியையே தின்றது. அது தின்னத் தின்ன, நாம் வெளியே நின்று, "அடடா, இளைச்சு அழகாயிட்டீங்களே!" என்றோம்.

என்னம்மா கேட்கிறீர்கள்? "பி.எம்.ஐ. சரியாத்தானே இருக்கு?" நல்ல கேள்வி. எடையை உயரத்தால் இருமுறை வகுத்தால் வரும் எண் அது. சுவரில் மாட்டிய அட்டவணைப்படி அக்கா பச்சைக் கட்டத்தில்தான் நிற்கிறார். ஆனால் தசை எது, கொழுப்பு எது என்று அந்த எண்ணுக்குத் தெரியுமா? பாடுபட்டு இறங்கினாரா, பறிகொடுத்து இறங்கினாரா, அது அறியுமா? வயதான காலத்தில் சற்றே பூசினாற்போல் இருப்பது குற்றமல்ல, தாய்மார்களே! முயலாமல் மெலிவதுதான் அபாயம்! அதைக் கண்டால் பாராட்டாதீர்கள், பரிசோதிக்கச் சொல்லுங்கள்!

ஆகவே இந்தக் கோப்பையை நான் தரமாட்டேன். முணுமுணுக்க வேண்டாம். காரணம் என்னவென்று எனக்கு இன்னும் தெரியாது. தெரியாததால்தான் பதறுகிறேன்.

அழாதே மகளே, அம்மாவின் கையைப் பிடித்துக்கொள். அக்கா, நீங்கள் மேடையேற வேண்டாம், நானே இறங்கி வருகிறேன். நேராக மருத்துவமனைக்குத்தான் போகிறோம். எங்களுக்கு வழிவிடப்போகும் உங்கள் அனைவருக்கும் நன்றி. வணக்கம்!