அஞ்சடி விட்டுத்தான் கட்டினேன்

மோரைக் குடிங்க தம்பி. டேப்பை அப்புறமா சுருட்டிக்கலாம். இந்த வெயில்ல பஞ்சாயத்து ஆபீஸ்லேர்ந்து சைக்கிள் மிதிச்சிக்கினு வந்து, எம் மாடிரூம் பிளானுக்காக வூட்டைச் சுத்திச் சுத்தி அளந்திருக்கீங்க. உங்களுக்கு முன்னாடி இருந்த ஓவர்சியரு நாற்காலிய வுட்டு எழுந்ததே கிடையாது. உக்காந்த இடத்துலேர்ந்தே ஊர்ல இருக்கற வூட்டோட நீள அகலத்தையெல்லாம் சொல்லுவாரு. ஞானி.

ஆனா நீங்க எழுதினதுல ஒண்ணு மட்டும் எனக்கு ஒப்பலை. பக்கத்து மனைக்கு அஞ்சடி விடணும், ராமசாமி நாலடிதான் விட்டிருக்காரு, விதிமீறல்னு எழுதியிருக்கீங்க. இந்தத் தெருவுல ஒரு நடை போயிப் பாருங்க. தனசேகரன் சாக்கடை மேல கக்கூஸ் கட்டியிருக்கான். மாயவன் வூட்டுப் படிக்கட்டு ரோட்டுல இறங்கி பஸ்ஸுக்குக் கை காட்டுது. அவங்கள்லாம் பிளானுன்னா இன்னான்னு கேக்கற ஆளுங்க. அனுமதி வாங்காம ஒரு செங்கல் வெக்காத முட்டாள் இந்த ஊர்ல நான் ஒருத்தன்தான். என்னைப் போயி அந்த வார்த்தை எழுதிட்டீங்களே, மனசு வலிக்குது தம்பி.

நீங்க எங்கேர்ந்து அளந்தீங்கன்னு பாத்துக்கினுதான் இருந்தேன். அதோ, அந்த மண்மேட்டு விளிம்புலேர்ந்து. அது ஆயம்மா வூட்டுச் சுவரு. சரிஞ்சி என் பக்கமா ஒரு அடி வந்து கெடக்குது. அசல் சுவரு அதுக்கு உள்ள தள்ளி இருந்திச்சி. கடப்பாரை போட்டுத் தோண்டினா அஸ்திவாரக் கல்லு தெரியும். அங்கேர்ந்து டேப்பு புடிங்க, அஞ்சடி குறையாது. சுவரு ஏன் சரிஞ்சிதுன்னு கேப்பீங்க. கேக்க வேண்டியது உங்க கடமை. சொல்றேன்.

எங்க பொண்ணு செந்தமிழ்ச்செல்விய சின்னசேலத்துல ஒரு வாத்தியாருக்குப் பேசியிருந்தோம். மாப்பிள்ளை வூட்டுக்காரங்க வந்து பாத்துட்டு, பொண்ணு புடிச்சிருக்குது, வூட்டுக்கு முன்னாடி ஒரு ஹால் இருந்தா நல்லா இருக்கும்னு சொல்லிட்டுப் போனாங்க. அதாவது, ஹால் இல்லன்னா பொண்ணும் புடிக்கலை. சரின்னு பிளான் போட்டுக் குடுத்தேன். ரெண்டு காரணம் சொல்லித் திருப்பிட்டாங்க. ஒண்ணு, வூட்டுக்கு முன்னாடி நின்ன புளியமரம். ரோட்டோரத்து மரம், கவர்மெண்டோடது, தொடக்கூடாது. இன்னொண்ணு, பக்கத்து மனைக்காரி ஆட்சேபனை.

பக்கத்து மனைக்காரி இந்த ஆயம்மாதான். என் கரும்புக் கழனியில களை எடுக்கறவ. புருஷன் இல்ல, வீரமணின்னு ஒரே புள்ள. கூப்பிட்டு மரியாதையாத்தான் கேட்டேன். "நீங்க இன்னா சொன்னாலும் கேக்கறவதாங்கய்யா. ஆனா உங்க தளத்துத் தண்ணி எம் மண்சுவத்துல இறங்கினா வூடு கரைஞ்சி பூடும். நானும் எம் புள்ளையும் எங்க போவோம்?"ன்னா. நியாயமாத்தான் பேசினா. கத்தறவங்களைச் சமாளிச்சிடலாம், நியாயமா பேசறவங்களை ஒண்ணும் பண்ண முடியாது.

மரத்துக்கும் மனு போட்டேன். ஹைவேஸ்ல தாசில்தாரைக் கேளுன்னாங்க. தாசில்தார் ஆபீஸ்ல ஹைவேஸைக் கேளுன்னாங்க. மரம் யாரோடதுன்னு ரெண்டு பேருக்கும் தெரியலை, என்னுது இல்லைன்னு மட்டும் நல்லாத் தெரிஞ்சிருந்திச்சி. வேற ஒருத்தனா இருந்தா வேருல ஆசிட்டை ஊத்திட்டுப் போயிருப்பான். நான் அப்படிப்பட்டவன் இல்ல.

அப்பதான், எண்பத்தேழுல, இடஒதுக்கீட்டு மறியல் வந்திச்சி. உளுந்தூர்பேட்டையிலேர்ந்து இந்தப் பக்கம் பூரா மரத்தை வெட்டி ரோட்டுல சாய்ச்சிட்டாங்க. பஸ் இல்ல, லாரி இல்ல, போலீஸ் ஜீப்பே உள்ள வர முடியலை. நான் அவ்வளவு நாளா மனுவைத் தூக்கிக்கினு அலைஞ்சேன். அந்தப் பசங்க எந்த ஆபீசுக்கும் மனு போட்ட மாதிரி தெரியலை.

பச்சமுத்துன்னு ஒருத்தன், கல்வராயன் மலையில மரம் அறுத்துக்கினு இருந்தவன். அவனைக் கூப்பிட்டேன். பட்டப்பகல்லதான். ஒளிஞ்சி மறைஞ்சி செய்யற பழக்கம் எனக்குக் கிடையாது. மரம் எந்தப் பக்கம் சாயணுமோ அந்தப் பக்கம் கோடாலியால ஒரு பள்ளம் எடுத்துட்டு, மறுபக்கம் ரம்பம் போடுவாங்க. பச்சமுத்து ரோட்டுப் பக்கமா பள்ளம் எடுக்கப் போனான். அங்க வேணாம், இந்தப் பக்கம் எடுன்னேன். அவன் ஆயம்மா வூட்டைப் பாத்தான்.

"உள்ள ஆளு இருக்குதுங்களா?"

"இல்ல. கழனிக்குப் போயிருக்குது."

அன்னிக்கு எந்தக் கழனியிலயும் வேலை கிடையாது. அது எனக்குத் தெரியும், கழனி என்னுது. காலையில ஆயம்மா வாசல்ல நின்னுக்கினு, போலீசு வந்தா எம் புள்ளையப் புடிச்சிக்கினு போயிடுங்களான்னு என்னைக் கேட்டா. பயப்படாத, உள்ள போயி கதவைச் சாத்திக்கோன்னேன். சாத்திக்கினா. அப்புறம் கதவு திறக்கவே இல்ல.

புளி நல்ல கனமான மரம் தம்பி. ரெண்டு காரணமும் ஒண்ணாத் தீந்திச்சி. அவளை வெளிய எடுக்க சாயங்காலம் ஆயிடிச்சி. கையில அரிசி முறத்தை வுடாம புடிச்சிக்கினு இருந்தா.

மறியல் முடிஞ்சி போலீசு வந்திச்சி. வெட்டின அத்தனை மரத்தையும் பசங்க மேலயே எழுதிட்டாங்க. மறியலுக்கு வெட்டினதெல்லாம் ரோட்டுக்குக் குறுக்க கெடந்திச்சி. இது ஒண்ணுதான் ரோட்டுக்கு முதுகைக் காட்டிக்கினு கெடந்திச்சி. ஏன்னு ஒருத்தரும் கேக்கலை. வீரமணியும் அந்தப் பசங்களோட மரம் வெட்டப் போனவன்தான். தன் செட்டு ஆளுங்கதான் தெரியாம சாய்ச்சிட்டாங்கன்னு அவனே நம்பிட்டான். பெத்தவளைக் கொன்ன பாவின்னு தன்னையே திட்டிக்கினு ஜெயிலுக்குப் போனான். புள்ள உள்ள இருந்ததால ஆயம்மா கருமாதிய நானே முன்ன நின்னு நடத்தினேன். வெளிய வந்ததும் என் காலைப் புடிச்சி அழுதான். ஆட்சேபனை இல்லைன்னு எழுதிக் குடுன்னு ஒரு தடவைதான் கேட்டேன். குடுத்துட்டு பெங்களூருப் பக்கம் போயிட்டான். பச்சமுத்து மலைக்கு ஏறினவன் இறங்கவே இல்ல.

பிளான் முறையா பாஸாயி, சீல் போட்டு வந்திச்சி. அதுக்கப்புறம்தான் முதல் செங்கல் வெச்சேன். கல்யாணம் அந்த ஹால்லதான் நடந்திச்சி. எங்க வூட்டுக்காரி கமலா மட்டும் அங்க உக்கார மாட்டா. காத்து வரலையாம்.

இன்னா தம்பி, எழுந்துட்டீங்க? மோர் அப்படியே இருக்குது. போலீஸ் ஸ்டேஷனுக்குப் போறதுன்னா போங்க, நான் தடுக்க மாட்டேன். ஆயம்மா உள்ள இருக்கறது தெரிஞ்சித்தான் மரத்தை அந்தப் பக்கம் சாய்க்கச் சொன்னேன். எழுதிக்கிங்க, கையெழுத்துப் போடறேன். ஆனா போறதுக்கு முன்னாடி அந்த அஸ்திவாரத்தைத் தோண்டி ஒரு தடவை அளந்துட்டுப் போங்க. அஞ்சடி இருக்கும். விதிமீறல்னு எழுதினதை மட்டும் அடிச்சிடுங்க. நாளைக்கு ஊர்ல நாலு பேரு என்னைப் பத்தி இன்னா நெனைப்பாங்க?