கீழே வைத்த கத்திகள்

கல்யாணத்துக்குச் சுவர்க்கடிகாரம் பரிசு கொடுக்கிறவர்களை எனக்குப் பிடிக்காது. ஒரு வீட்டுக்கு ஒரு கடிகாரம் போதும். மீதியெல்லாம் காகிதம் பிரிக்காமலேயே கட்டிலுக்கு அடியில் போய்ச் சேர்ந்து, அடுத்த வருஷம் வேறொரு கல்யாணத்துக்குக் கிளம்பும். நான் கத்திதான் கொடுப்பேன். மொண்ணைக் கத்தியோடு குடித்தனம் நடத்துகிறவளுக்குத்தான் நல்ல கத்தியின் அருமை தெரியும். தக்காளியைத் தொட்டால் நசுங்கும், மீனைத் தொட்டால் வழுக்கும், கடைசியில் வெட்டுப்படுவது விரலாகத்தான் இருக்கும்.

நீங்கள் பாலக்காட்டுக்காரர் என்று பேச்சிலேயே தெரிந்தது, மேடம். அதனால் தமிழிலேயே சொல்கிறேன். மலையாளத்தில் எனக்கு வியாபாரம் பண்ண வரும், சண்டை போடவும் வரும். மனதில் இருப்பதைச் சொல்ல வராது. மட்டாஞ்சேரியில் பாத்திரக் கடை வைத்து இத்தனை வருஷம் ஆகியும் அது மட்டும் படியவில்லை.

என் தங்கை பொன்மணியின் வீட்டிலிருந்து நீங்கள் ஸ்டேஷனுக்கு எடுத்து வந்த கத்திகள் யார் கொடுத்தவை என்று கேட்டீர்கள். எல்லாமே நான் கொடுத்தவைதான். ஆனால் எப்படிக் கொடுத்தேன் என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் உங்களுக்கு விளங்கும்.

எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. கத்தி, கத்தரிக்கோல், ஊசி எதையும் ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குக் கொடுக்கக் கூடாது. கொடுத்தால் இரண்டு பேருக்கும் சண்டை வரும், உறவு அறுந்துபோகும். கீழே வைக்க வேண்டும். வேண்டியவர் எடுத்துக்கொள்ள வேண்டும். அப்பா கோவில்பட்டியிலிருந்து இங்கே மிளகு மூட்டை தூக்க வந்தபோது பெரிதாக எதையும் கொண்டுவரவில்லை. இந்த மாதிரி விஷயங்களைத்தான் கொண்டுவந்தார். கல்யாண வீடுகளில் நான் கத்தியை மொய் மேசையில் வைத்துவிட்டு வருவேன். பெண்ணின் கையில் கொடுத்ததே இல்லை. சிநேகிதி வசந்தி வீடு பால்காய்ச்சியபோதும் அடுப்புத் திட்டில்தான் வைத்தேன். எனக்கு வேண்டியவர்கள் எனக்கு வேண்டும்.

பொன்மணி பிறந்த கையோடு அம்மா போய்விட்டாள். எனக்கு அப்போது பாவாடை தாவணி வயது. பிள்ளை என் இடுப்பில்தான் வளர்ந்தாள். மாப்பிள்ளை பார்க்க ஆட்கள் வந்தார்கள். இவளை யார் பார்ப்பது என்று நானே வேண்டாம் என்றேன். அதை நான் தியாகம் என்று ஒருநாளும் சொல்லிக்கொண்டதில்லை. எனக்கு அவள் போதும் என்றிருந்தது, அவ்வளவுதான். அவளுக்கும் நான் போதும் என்று நினைத்திருந்தேன்.

பொன்மணி இங்கே கொச்சி பிராட்வேயில் ஒரு துணிக்கடையில் வேலைக்குப் போனபோது ஸாதனா என்று ஒரு சிநேகிதி கிடைத்தாள். நல்ல பெண்தான், வாய் கொஞ்சம் நீளம். கோயம்புத்தூரில் பெரிய கடையில் ஆள் எடுக்கிறார்கள், ஹாஸ்டலில் தங்கிக்கொள்ளலாம், வா என்று இவளைக் கலைக்க ஆரம்பித்தாள். பொன்மணியின் பிறந்தநாளுக்கு பழம் நறுக்குகிற கத்தி ஒன்று எடுத்து வைத்தேன். அதைக் கீழே வைத்து ஸாதனாவை எடுத்துக்கொள்ளச் சொல்லி, "நீயே அவ கையில குடும்மா, சந்தோஷப்படுவா" என்றேன். அவளுக்கு இந்தச் சாஸ்திரமெல்லாம் தெரியாது. சிரித்துக்கொண்டே கொடுத்தாள். இவளும் சிரித்துக்கொண்டே வாங்கினாள்.

அந்த மழைக்காலம் முடிவதற்குள் இரண்டு பேரும் முகம் பார்ப்பதையே விட்டுவிட்டார்கள். கத்தி தன் வேலையைச் செய்தது. நடுவில் நான் ஸாதனாவிடம் ஒரு வார்த்தை சொன்னேன் என்பதும் உண்மை. உன் குடும்பத்தைப் பற்றி, உன் நடத்தையைப் பற்றி, பொன்மணி வீட்டில் இப்படியெல்லாம் பேசுகிறாளே என்று சொன்னேன். பொன்மணி அப்படிப் பேசியதில்லை. ஆனால் அத்தனை சிநேகிதமாக இருந்தவள் என் ஒரு சொல்லை நம்பினாள் என்றால், கத்தி ஏற்கெனவே உள்ளே அறுத்து வைத்திருந்தது என்றுதானே அர்த்தம். பொன்மணி சில நாள் அழுதாள். நான் தலையில் எண்ணெய் வைத்து வாரிவிட்டேன். அந்த நாட்களில் நாங்கள் ரொம்ப நன்றாக இருந்தோம்.

ரமேஷ்பாபு வந்தது அதற்குப் பிறகு. ஏசி ரிப்பேர் பார்க்கிறவன், கொச்சியிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பையன். தமிழ் எழுதத் தெரியாது. மதினி என்று கூப்பிடு என்று நான் சொல்லியும் மலையாளத்தில் சேச்சி என்றே கூப்பிட்டான். துணிக்கடையில் ஏசி பார்க்க வந்த இடத்தில் பழக்கம். அவனைப் பற்றிக் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. குடிக்க மாட்டான், கை நீட்ட மாட்டான். குறை இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

கல்யாணத்தை நான்தான் நடத்தி வைத்தேன். கொச்சங்காடியில் மிளகு மூட்டை அடுக்கும் ஒரு கிட்டங்கிக்குப் பின்னால் வாடகை வீடு பார்த்தார்கள். பால்காய்ச்சும் நாளில் என் கடையிலேயே நல்ல கத்தியாக ஒன்று எடுத்துக்கொண்டு போனேன். ரமேஷ்பாபு முன்னால் கீழே வைத்து, "எடுத்து உன் கையால அவளுக்குக் குடு தம்பி" என்றேன். அவன் என்ன செய்தான் தெரியுமா, அலகைத் தன் உள்ளங்கைப் பக்கம் வைத்துக்கொண்டு, பிடியை அவள் பக்கம் திருப்பி நீட்டினான். அவளுக்குப் பட்டுவிடக் கூடாதாம். அந்தக் கவனம் எனக்குப் பிடிக்கவில்லை.

பொன்மணிக்கு வழக்கம் தெரியும். வாங்கிக்கொண்டே, "ஏன்க்கா, கீழ வைக்கச் சொல்லக் கூடாதா?" என்று கேட்டாள்.

"புருஷன் பொண்டாட்டிக்குள்ள என்ன சாஸ்திரம்" என்றேன்.

ஒன்றும் நடக்கவில்லை. தீபாவளிக்கு மீன் வெட்டுகிற கத்தி கொடுத்தேன். அவன் பிறந்தநாளுக்கு ரொட்டி அறுக்கிறது. விஷுவுக்குப் பலாச்சக்கை வெட்டப் பெரியதாக ஒன்று. ஒவ்வொன்றையும் அவன் கையால்தான் அவளுக்குக் கொடுக்க வைத்தேன். கொடுப்பதற்கு முதல்நாள் கடையில் உட்கார்ந்து சாணைக்கல்லில் நானே தீட்டுவேன். மொண்ணையானதைக் கொடுத்துவிட்டு வேலை நடக்கவில்லையே என்று சொல்லக் கூடாது. அவனோ கொஞ்சமும் கூச்சமில்லாமல், "சேச்சி, இனி எங்க வீட்ல ஒரு மீன் மார்க்கெட்டே தொடங்கலாம்" என்று எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தான்.

பிறகு முன்போலவே ஒரு வார்த்தை சொல்லிப் பார்த்தேன். பொன்மணி பழைய கடை முதலாளியின் மகனோடு போனில் பேசுகிறாள் என்று அவனிடம் சொன்னேன். அவன் நேரே வீட்டுக்குப் போய் அவளிடமே கேட்டுவிட்டான். இரண்டு பேரும் சேர்ந்து சிரித்திருக்கிறார்கள். அடுத்த நாள் பொன்மணி கடைக்கு வந்தாள். கோபமே இல்லை. கோபமாக வந்திருந்தால் நான் பேசியிருப்பேன்.

"தனியா இருக்கதுனாலதான்க்கா உனக்கு இப்படியெல்லாம் தோணுது. எங்ககூட வந்து இருந்துரு. அவங்களும் அதத்தான் சொல்றாங்க."

அவங்களும் அதைத்தான் சொல்கிறார்களாம். என் பிள்ளையோடு நான் இருப்பதற்கு அவன் அனுமதி. கடையை விட்டுவிட்டு வர முடியாது என்று சொல்லி அனுப்பினேன். சாயா வாங்கிக் கொடுத்துத்தான் அனுப்பினேன்.

ரமேஷ்பாபுவுக்கு மஸ்கட் வேலை வந்ததை முதலில் என்னிடம் சொல்லவில்லை. வசந்தி சொல்லித்தான் தெரியும். விசா வந்துவிட்டது, இரண்டு பேருமாகப் போகிறார்கள், வீட்டைக் காலி பண்ணுகிறார்கள் என்றாள். கிளம்புவதற்கு முன்னால் ஒருநாள் பொன்மணி என்னை மதியம் வரச் சொல்லியிருந்தாள். ரமேஷ்பாபு வைப்பின் தீவில் இருக்கும் அவன் அம்மாவிடம் சொல்லிக்கொண்டு வரப் போயிருந்தான். நான் அவளுக்குப் பிடிக்கும் என்று கப்பைக்கிழங்கு வேகவைத்து எடுத்துக்கொண்டு போனேன். இரண்டு பேரும் உட்கார்ந்து சாப்பிட்டோம். நான் அவளிடம் போகாதே என்று சொன்னேன். கெஞ்சவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னேன். அவன் முதலில் போகட்டும், நீ என்னோடு இரு, பிறகு பார்ப்போம் என்றேன்.

"அவங்களை விட்டுட்டு எனக்கு இருக்க முடியாதுக்கா" என்றாள். என்னை விட்டுவிட்டு இருக்க முடியும் என்பதை அவள் யோசித்துச் சொன்னதாகத் தெரியவில்லை. அது அவள் நினைப்பிலேயே இல்லை. அதுதான் எனக்கு வலித்தது, மேடம். வேண்டுமென்றே சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன்.

பிறகு அவள் எழுந்து அடுக்களைக்குப் போய் நான் கொடுத்த கத்திகள் எல்லாவற்றையும் கொண்டுவந்தாள். பழைய பேப்பரை என் முன்னால் விரித்து ஒவ்வொன்றாக அடுக்கி வைத்தாள். துடைத்து, எண்ணெய் போட்டு, ஒன்றில்கூடத் துரு இல்லாமல் வைத்திருந்தாள்.

"இத்தனையும் தூக்கிட்டுப் போக முடியாதுக்கா. நீயே வச்சுக்கோ. கையில தர மாட்டேன், உன்கூட எனக்குச் சண்டை வேண்டாம்."

அவள் அப்படித்தான். புருஷன் கையிலிருந்து வாங்குவாள், எனக்குக் கீழே வைப்பாள். அத்தனை மரியாதை. அவள் வைத்தாள், நான் எடுத்துக்கொண்டேன். மீன் வெட்டுகிற கத்தி. அது கைக்கு அடங்கும்.

நான் அவளைத் துன்பப்படுத்தவில்லை. நன்றாகத் தீட்டிய கத்தியில் ஒரு நல்ல குணம் உண்டு, அதிக நேரம் எடுக்காது. அவள் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டேன். அசைவு நின்ற பிறகுதான் எழுந்தேன். என் சேலையில் பட்டுவிட்டதால் அவள் பெட்டியில் மடித்து வைத்திருந்ததில் ஒன்றை எடுத்து உடுத்திக்கொண்டேன். நான் எடுத்துக் கொடுத்த சேலைதான். கழற்றியதைப் பையில் சுருட்டிக்கொண்டு, கப்பை கொண்டுபோன பாத்திரத்தைக் கழுவி எடுத்துக்கொண்டு கடைக்கு வந்துவிட்டேன். அன்று வியாபாரம் சுமார்தான்.

ரமேஷ்பாபு வந்து கத்தியைப் பிடுங்கியிருக்கிறான், அவளைத் தூக்கியிருக்கிறான், அலறியிருக்கிறான். பக்கத்து வீட்டார் ஓடிவந்தபோது அவன் உடம்பெல்லாம் ரத்தம். அவனைத்தான் பிடித்துக்கொண்டு போனீர்கள். இரண்டு பேருக்கும் அடிக்கடி சண்டை என்று உங்கள் ஆட்களிடம் சொன்னது நான்தான். தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள். நான் அழுத அழுகையில் யாரும் திருப்பிக் கேட்கவில்லை. கத்தியில் என் ரேகையும் இருந்தது. கொடுத்தவளின் ரேகை இருக்காதா என்று விட்டுவிட்டார்கள்.

நீங்கள் என்னைச் சந்தேகப்பட்டு இங்கே கூப்பிடவில்லை என்று எனக்குத் தெரியும். கத்திகளைப் பற்றி ஒரு கையெழுத்து வாங்கத்தான் கூப்பிட்டீர்கள். நான் வாயை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டுவிட்டுப் போயிருக்கலாம். அவன் உள்ளே இருப்பான், நான் கடையில் இருப்பேன். அவன்மேல் இரக்கப்பட்டும் நான் இதைச் சொல்லவில்லை.

முந்தாநாள் வசந்தி வந்து சொன்னாள். பொன்மணி தன் மடியில்தான் உயிர் விட்டாள், கடைசியாகத் தன்னைப் பார்த்துத்தான் கண்ணை மூடினாள் என்று ஜெயிலில் போய்ப் பார்க்கிற எல்லோரிடமும் அவன் சொல்லி அழுகிறானாம். அவனைக் கொலைகாரன் என்று திட்டினவர்கள்கூட அதைக் கேட்டு இப்போது கண் கலங்குகிறார்களாம். அது பொய், மேடம். அவன் வரும்போது அவள் போய் ரொம்ப நேரம் ஆகிவிட்டது. அவனுக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று அவனே கட்டிக்கொண்ட கதை அது. மற்ற எதை வேண்டுமானாலும் அவன் வைத்துக்கொள்ளட்டும், கல்யாணப் படம், அவளுடைய துணிமணி எல்லாவற்றையும். அதை மட்டும் நான் விட்டுக்கொடுக்க முடியாது.

கத்தி உள்ளே இறங்கியபோது அவள் என் முகத்தைத்தான் பார்த்தாள். என் கையைத்தான் பிடித்தாள். "அக்கா" என்றாள். கொஞ்சம் பொறுத்து மறுபடியும் "அக்கா" என்றாள். அதற்குப் பிறகும் உதடு அதையேதான் சொல்லப் பார்த்தது. அவன் பெயரை ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. இதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், மேடம்: கடைசி வரை அவள் கூப்பிட்டது என்னைத்தான்.